எட்டு செல்லில் நின்ற கருக்கள்

மாட்டு முட்டையை விந்தோடு சேர்த்து, உடலுக்கு வெளியே கரு வளர்க்கும் ஆய்வகம் எங்களுடையது. செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குள் இறைச்சிக்கூடத்திலிருந்து தெர்மாஸ் குடுவை வந்துவிடும். உள்ளே வெதுவெதுப்பான உப்புநீரில் மாட்டுச் சினைப்பைகள் மிதக்கும். தமிழ்நாட்டுச் சட்டப்படி 10 வயதைத் தாண்டி, உழைப்புக்கும் கன்றுக்கும் உதவாது என்று சான்று வாங்கிய மாடுகள்தான் பெரும்பாலும் அறுப்புக்கு வரும். அதனால் எங்கள் கைக்குக் கிடைக்கும் முட்டைகளும் கிழட்டு மாடுகளின் முட்டைகளே. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

சினைப்பையைக் கழுவி, 2 முதல் 8 மில்லிமீட்டர் வரை உள்ள முட்டைப்பைகளில் 18 கேஜ் ஊசியால் உறிஞ்சி எடுப்போம். சுற்றிலும் கியூமுலஸ் செல்கள் நெருக்கமாக ஒட்டியிருக்கும் முட்டைகளை மட்டும் பொறுக்கி, 22 முதல் 24 மணி நேரம் முதிரவைப்போம். அப்புறம் உறைவிந்தை உருக்கி, பெர்கால் என்ற அடர்திரவ அடுக்கில் சுழற்றி, நன்றாக ஓடும் விந்தணுக்களைப் பிரித்துச் சேர்ப்போம். மறுநாள் அந்தக் கியூமுலஸ் செல்களை உதிர்த்துவிட்டு வளர்ப்புத் துளிக்கு, அதாவது எண்ணெய்க்கு அடியில் இருக்கும் ஊட்டத் திரவச் சொட்டுக்கு மாற்றுவோம். விந்து சேர்த்த நாளிலிருந்து ஏழாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட், அதாவது உள்ளே நீர் கோத்து உப்பிய கரு வர வேண்டும்.

அந்த ஏழாம் நாள்தான் எங்களுக்கு வலித்தது. 100 முட்டை வைத்தால் 70, 72 பிளந்தன. விந்தில் கோளாறு இல்லை, முதிர்ச்சியிலும் பெரிய குறை இல்லை. ஆனால் கடைசியில் தேறியது 11, சில வாரம் 12. நன்றாக நடக்கும் ஆய்வகங்களில் 30, 40 வரை எடுக்கிறார்கள். எங்கள் கருக்களில் பெரும்பாலானவை எட்டு செல் வரை அழகாக வந்துவிட்டு, அப்படியே நின்றுவிடும். ஐந்தாம் நாள் பார்த்தாலும் எட்டு செல், ஏழாம் நாளும் அதே எட்டு செல், ஓரங்கள் மட்டும் கறுத்துப் பொரிந்திருக்கும்.

மாட்டுக் கருவில் இந்த இடம் ஒரு கண்டம். எட்டு செல் வரை கரு ஓடுவது தாய் முட்டையில் கட்டிக் கொடுத்த சோற்றில். எட்டிலிருந்து பதினாறுக்குப் போகும்போதுதான் தன் சொந்த மரபணுவைப் பெரிய அளவில் இயக்கத் தொடங்குகிறது. சூழல் சரியில்லை என்றால் அந்தக் கைமாற்றத்தில் தடுக்கி விழுகிறது. 1980களில் இது உலகம் முழுக்க இருந்த தலைவலி. அதனாலேயே அந்தக் காலத்தில் கருவை ஆட்டின் கருக்குழாயிலோ முயலின் கருக்குழாயிலோ வைத்து வளர்த்து, பிறகு வெளியே எடுத்தார்கள். 1989இல் ஐஸ்டோன், ஃபர்ஸ்ட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் கருக்குழாய்ச் செல்களோடு சேர்த்து வளர்த்தால் இந்தத் தடையைத் தாண்ட முடியும் என்று காட்டினார்கள்.

எங்கள் ஆய்வகத்திலும் முன்பு அப்படித்தான். கியூமுலஸ் செல்களை அடியில் படர விட்டு, அதன் மேல் கருக்களை வைத்து வளர்த்தார்கள். நான் சேர்ந்த பிறகு, செல் படுகை வேண்டாம், சுத்தமான மீடியம் (கரு வளரும் ஊட்டத் திரவம்) போதும் என்று எஸ்.ஓ.எஃப். மீடியத்துக்கு மாறினோம். பெயரே செயற்கைக் கருக்குழாய்த் திரவம் என்றுதான். 1972இல் டெர்விட், விட்டிங்ஹாம், ரோசன் மூவரும், ஆட்டின் கருக்குழாய்த் திரவத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து அதற்கு ஒப்பாக அமைத்தது. மாறியதும் எண்ணிக்கை குறைந்தது. எல்லோரும் மீடியத்தைத்தான் சந்தேகப்பட்டோம். உப்புகளைப் புதிதாக எடை போட்டோம், தண்ணீரை மாற்றினோம், ஆஸ்மோலாலிட்டி, அதாவது கரைந்திருக்கும் பொருள்களின் செறிவு பார்த்தோம் (275 பக்கம், சரியாகவே இருந்தது). நான்கு மாதம் இதிலேயே போனது.

ஒரு நாள் பழைய நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. செல் படுகை இருந்த காலத்திலும் இன்குபேட்டர் இதே இன்குபேட்டர்தான்: 5% கார்பன்-டை-ஆக்சைடு, மீதி வெளிக்காற்று. அதாவது ஏறக்குறைய 20% ஆக்சிஜன். பசுவின் கருக்குழாய்க்குள் அவ்வளவு ஆக்சிஜன் கிடையாது. முயல், குரங்கு போன்றவற்றில் அளந்து பார்த்ததில் அது 10 விழுக்காட்டுக்கும் கீழேதான். முன்பு அடியில் படர்ந்திருந்த செல்கள் ஆக்சிஜனை எந்நேரமும் தின்றுகொண்டிருந்தன. கருவைச் சுற்றி அளவு தானாகக் குறைந்திருக்கும். நாங்கள் படுகையை எடுத்துவிட்டோம், காற்றை மாற்றவில்லை. அந்த 1972 வேலையிலேயே 5% ஆக்சிஜன்தான் வைத்திருந்தார்கள். செய்முறையில் பாதியை மட்டும் நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தோம்.

ஆக்சிஜனைத் தொடுவதற்கு முன் இன்னொன்றைச் சரிபார்க்கச் சொன்னார் எங்கள் மூத்த ஆராய்ச்சியாளர்: வெப்பம். இன்குபேட்டரின் திரை 38.5 காட்டியது. அதை நம்பாமல், வெப்பம் அளக்கும், முடி போல மெல்லிய தெர்மோகப்பிள் கம்பியை எண்ணெய்க்கு அடியில், துளிக்குள்ளேயே விட்டுப் பார்த்தோம். இன்குபேட்டருக்குள் 38.3, பரவாயில்லை. மைக்ராஸ்கோப்பின் சூடேற்றும் மேடையில்தான் அதிர்ச்சி. மேடை 38.5 என்கிறது, துளி 36.4இல் இருக்கிறது. பெட்ரி டிஷ்ஷைத் திருப்பிப் பார்த்தால் காரணம் தெரியும். அடியில் ஓரத்தில் ஒரு மெல்லிய விளிம்பு இருக்கும். டிஷ் அந்த விளிம்பில்தான் நிற்கிறது, நடுவில் காற்றிடைவெளி. அதற்கு மேல் ஏ.சி. காற்று நேராக மேடைமீது வீசிக்கொண்டிருந்தது. ஏ.சி.யின் வாயில் அட்டை வைத்துத் திசையைத் திருப்பினோம். மேடையை 40.5க்கு ஏற்றினோம். துளி 38.2க்கு வந்தது. இதற்கு மட்டுமே ஐந்து வாரத்தில் 100க்கு 11 என்பது 14 ஆனது. செலவு ஒரு அட்டைத்துண்டு.

இனி ஆக்சிஜன். மூன்று வாயுவையும் கட்டுப்படுத்தும் இன்குபேட்டர் வாங்கக் காசில்லை. ஹங்கேரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் காபோர் வாய்தா, வாயு நிரப்பிய அலுமினியத் தாள் பைக்குள் டிஷ்களை வைத்து, அந்தப் பையை வெந்நீர்த் தொட்டியில் அமிழ்த்திக் கரு வளர்த்திருக்கிறார். நீர்மூழ்கி முறை என்றே அதற்குப் பெயர். அது தந்த தைரியத்தில், பைக்குப் பதிலாக டப்பா செய்து இன்குபேட்டருக்குள்ளேயே வைப்பது என்று முடிவெடுத்தோம். 5% ஆக்சிஜன், 5% கார்பன்-டை-ஆக்சைடு, 90% நைட்ரஜன் என்று கலந்தே வரும் சிலிண்டர் ஒன்று மட்டும் வாங்கினால் போதும்.

முதல் டப்பா பிளாஸ்டிக். பாத்திரக்கடையில் மாவு போட்டு வைக்க வாங்குவார்களே, நான்கு பக்கமும் க்ளிப் போட்ட காற்றுப்புகா டப்பா, அதுதான். 8 லிட்டர். இரண்டு துளை போட்டு ஒன்றில் வாயு உள்ளே வர, ஒன்றில் வெளியே போகக் குழாய் சொருகினேன். நிமிடத்துக்கு 4 லிட்டர் என்று வைத்து நான்கு நிமிடம் விட்டு மூடினேன். ஆக்சிஜன் மீட்டர் 7க்கு மேல் காட்டியது. யோசித்தால் சரிதான். 16 லிட்டர் என்பது டப்பாவின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்குதான். உள்ளே போகும் வாயு பழைய காற்றோடு கலந்துதான் வெளியேறும், அப்படியே தள்ளிக்கொண்டு போகாது. இரண்டு மடங்கு விட்டால் பழைய காற்றில் 13, 14% இன்னும் உள்ளேயே இருக்கும். ஐந்து மடங்கு, அதாவது பத்து நிமிடம் விட்டால் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். பத்து நிமிடத்தில் மீட்டர் 5.1க்கு வந்தது. வாயு காய்ந்து வருவதால், சுத்தமான தண்ணீர் உள்ள குடுவைக்குள் குமிழிட வைத்துத்தான் உள்ளே விட வேண்டும். டப்பாவுக்குள்ளும் ஒரு திறந்த டிஷ்ஷில் தண்ணீர் வைக்க வேண்டும்.

மறுநாள் காலை மீட்டர் 9 காட்டியது. குழாய் நுழையும் இடத்தில் கசிவு. தெருமுனை ஹார்டுவேர் கடையில் சிலிகான் பேஸ்ட் வாங்கி, இரண்டு துளையையும் சுற்றித் தாராளமாகப் பூசி, இரண்டு நாள் காயவிட்டேன். கசிவு நின்றது. காலையும் மாலையும் 5.2. அந்த வாரக் கருக்களில் பாதியை டப்பாவுக்குள்ளும் பாதியை வழக்கம்போல வெளியேயும் வைத்தேன்.

மூன்றாம் நாள் திறந்தபோது டப்பாவுக்குள் இருந்தவற்றில் பாதி இரண்டு செல்லிலும் நான்கு செல்லிலும் நின்றிருந்தன. எட்டு செல்லுக்கே சிலதான் வந்திருந்தன. ஏழாம் நாள் ஒரு பிளாஸ்டோசிஸ்ட்கூட இல்லை. வெளியே வைத்ததில் வழக்கமான எண்ணிக்கை வந்தது. நல்ல வேளை, பாதியை வெளியே வைத்திருந்தேன். இல்லையென்றால் குறைந்த ஆக்சிஜனே ஒத்துவரவில்லை என்று எழுதி மூடியிருப்பேன். அடுத்த வாரமும் அதே கதை.

கண்டுபிடித்தது எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணன். டப்பாவைக் கழுவ எடுத்துப்போனவர் மூடியைத் திறந்ததும் முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா இது, காடி வாடை அடிக்குது? ஊறுகா வச்சிருந்தீங்களா?"

நான் மூக்கை உள்ளே விட்டுப் பார்த்தேன். ஆமாம், வினிகர். கடையில் கிடைக்கும் அந்த வகை சிலிகான் பேஸ்ட் இறுகும்போது அசெட்டிக் அமிலத்தை விடுகிறது. பூசிய அன்று அந்த வாடை எனக்கும் தெரிந்தது. இரண்டு நாளில் போய்விட்டது என்று நினைத்தேன். அறை வெப்பத்தில் மூக்குக்குத் தெரியாத அளவு, 38.5 டிகிரியில், ஈரத்தோடு மூடிய 8 லிட்டர் காற்றில் ஏழு நாள் அடைத்து வைத்தால் தெரிகிறது. கெட்டியாகப் பூசிய பேஸ்ட்டின் உள்பகுதி பல நாள் கழித்தும் இறுகிக்கொண்டேதான் இருக்கும். வெறும் கண்ணுக்கு ஒரு தூசி அளவே தெரியும் கருவுக்கு நுரையீரலும் இல்லை, கல்லீரலும் இல்லை. எண்ணெயில் கரைந்து வருவது எதுவோ அதுதான் அதற்கு மூச்சு.

அந்த டப்பாவைத் தூக்கிப்போட்டேன். இரண்டாவது டப்பா எவர்சில்வர். மூடியில் உணவுக்கென்றே செய்த சிலிகான் வளையம். அது ஆலையிலேயே முழுதும் இறுகி வருவது, பேஸ்ட்டைப் போல அமிலம் விடாது. லேத் பட்டறையில் மரையிட்ட இரண்டு எஃகு நிப்பிள் கடையச் சொல்லி, உள்ளும் புறமும் ஓ-ரிங் வைத்து நட்டால் இறுக்கினோம். பசை, பேஸ்ட் எதுவும் இல்லை. பட்டறை எண்ணெய் போகச் சோப்புநீரில் பலமுறை கழுவி, வெந்நீரில் கொதிக்கவைத்து, இரண்டு வாரம் இன்குபேட்டருக்குள் மூடி திறந்தபடி வெறுமனே வைத்தோம். அதற்குப் பிறகுதான் கருவை வைத்தோம்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு வாசனை என்றாலே எச்சரிக்கைதான். இன்குபேட்டரை ஸ்பிரிட்டால் துடைத்த கையோடு டிஷ்களை வைக்கும் பழக்கத்தை நிறுத்தினோம், இப்போது கிருமி நீக்கிய தண்ணீரால்தான் துடைக்கிறோம். சென்ட் போட்டுக்கொண்டு யாரும் அந்த அறைக்கு வருவதில்லை. வெள்ளிக்கிழமை சாம்பிராணியை வராந்தாவோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னபோது அலுவலகத்தில் கொஞ்சம் மனவருத்தம். கருக்களை மைக்ராஸ்கோப்பில் காட்டி, இதுங்களுக்கு மூச்சு முட்டும் என்றேன். அதன் பிறகு அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

எவர்சில்வர் டப்பாவில் ஐந்து வாரம் ஓட்டினோம். ஒவ்வொரு வாரமும் ஒரே நாள் முட்டைகள், ஒரே காளையின் விந்து, ஒரே மீடியம், பாதி உள்ளே, பாதி வெளியே. வெளியே 100க்கு 14. உள்ளே 23. எட்டு செல்லில் நின்றவை கண்ணால் பார்த்தாலே தெரியும் அளவுக்குக் குறைந்திருந்தன. ஐந்தாம் நாள் மொருலாக்கள் (பிளாஸ்டோசிஸ்ட்டுக்கு முந்தைய, செல்கள் திரண்ட நிலை) இறுக்கமாக, முந்திரிப்பருப்பைச் சேர்த்து உருட்டியதுபோல நின்றன. அன்று மாலை நான் வீட்டுக்குப் போகவே இல்லை, திரும்பத் திரும்ப மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வேண்டும் போல இருந்தது. ஆனால் டப்பாவைத் திறக்கத் திறக்க வாயு போய்விடும். இப்போது இரண்டாம் நாள் பிளவு பார்க்க ஒருமுறை, ஏழாம் நாள் ஒருமுறை, அவ்வளவுதான். ஆசைக்காகத் திறப்பதில்லை.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். 5% கார்பன்-டை-ஆக்சைடு என்பது கடல்மட்டத்துக்கு அருகில் இருக்கும் எங்களுக்குச் சரி. மீடியத்தின் பி.எச். தீர்மானமாவது விழுக்காட்டால் இல்லை, அந்த வாயுவின் அழுத்தத்தால். ஊட்டி போன்ற 2,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊரில் காற்றழுத்தமே கால்வாசி குறைவு. அங்கே இதே சிலிண்டரை வைத்தால் மீடியம் காரப்பக்கம் சாயும். அங்கே விழுக்காட்டைக் கூட்ட வேண்டும்.

எண்ணெயும் துளியும் பற்றிச் சுருக்கமாக. மினரல் ஆயில் பாட்டில்களை ஜன்னலோர அலமாரியில் வைத்திருந்தோம். வெளிச்சமும் வெப்பமும் பட்டால் எண்ணெயில் பெராக்சைடு உண்டாகும், அதுவும் கருவுக்கு விஷம். இப்போது இருட்டு அலமாரியில், சின்னப் பாட்டில்களாக. புது லாட் வந்தால் முதலில் கொஞ்சம் கருக்களில் சோதித்துவிட்டுத்தான் மற்றவற்றுக்கு எடுக்கிறோம். துளி வைக்கும்போது ஏ.சி. அறையில் 50 மைக்ரோலிட்டர் துளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்து உப்பு ஏறும். அதற்கு ஒரு வழி: முதலில் சின்னத் துளி வைத்து உடனே எண்ணெய் ஊற்றிவிட வேண்டும். பிறகு எண்ணெய்க்கு அடியிலேயே அந்தத் துளியை உறிஞ்சிவிட்டு, அதே இடத்தில் புது மீடியத்தை முழு அளவு வைக்க வேண்டும். அப்புறம் குறைந்தது ஒரு இரவு வாயுவில் இருந்தால்தான் பி.எச். நிலைப்படும். முன்பு 100 மைக்ரோலிட்டரில் பத்துக் கரு வைத்தோம். இப்போது 50 மைக்ரோலிட்டரில் 25. மாட்டுக் கருவுக்குக் கூட்டம் பிடிக்கும், ஒன்று விடும் பொருள் பக்கத்தில் இருப்பதற்கு உதவுகிறது. இதில் 23 என்பது 26 ஆனது.

26இலேயே நிற்கிறது. அங்கேதான் முதலில் சொன்ன கிழட்டு மாடு வருகிறது. 2002இல் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ரிசோஸ், லோனர்கன் குழுவினர் காட்டிய ஒரு விஷயம் எனக்கு மிகவும் முக்கியமானது. எத்தனை கரு பிளாஸ்டோசிஸ்ட் ஆகும் என்பதைப் பெரும்பாலும் முட்டை தீர்மானிக்கிறது. வந்த பிளாஸ்டோசிஸ்ட் எவ்வளவு தரமானது, உறையவைத்தால் தாங்குமா என்பதை வளர்ப்புச் சூழல் தீர்மானிக்கிறது. அப்படியென்றால் எங்கள் முட்டையை வைத்து எண்ணிக்கையைத் துரத்துவதில் ஓர் எல்லைக்கு மேல் பயன் இல்லை. நான் வேலை செய்ய வேண்டியது தரத்தில்.

அதற்கு முதலில் கை வைத்தது சீரத்தில். மீடியத்தில் 10% கன்றுக்குட்டிச் சீரம் (இரத்தத்தின் தெளிநீர்) சேர்ப்பது எங்களிடம் பழைய வழக்கம். சேர்த்தால் கரு வேகமாக வளரும், ஆறாம் நாளே சில பிளாஸ்டோசிஸ்ட் ஆகிவிடும், பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அவை கறுத்திருக்கும், உள்ளே கொழுப்புத் துளிகள் அப்பிக் கிடக்கும். கொழுப்பு கூடினால் உறையவைத்து மீட்பது கடினம். ஆட்டிலும் மாட்டிலும் கன்று அளவுக்கு மீறிப் பெரிதாகப் பிறந்து ஈற்றில் சிக்கல் வருவதோடும் சீரத்தைத் தொடர்புபடுத்தியிருக்கிறார்கள். கருவை வாங்கிப்போய்த் தன் பசுவுக்குள் வைக்கும் விவசாயியின் தொழுவத்தில் நடக்கப்போவது அது. சீரத்தை நிறுத்தி, கொழுப்பமிலம் நீக்கிய அல்புமின் என்ற புரதம் சேர்த்தோம். எண்ணிக்கை 26இலிருந்து 24க்கு இறங்கியது. அலுவலகக் கூட்டத்தில் ஏன் குறைந்தது என்று கேட்டார்கள். நான் உறைநிலைச் சோதனை முடியட்டும் என்றேன்.

எத்திலீன் கிளைக்காலும் டி.எம்.எஸ்.ஓ.வும் சுக்ரோஸும் கலந்த கரைசலில், மெல்லிய தகட்டு நுனியில் வைத்து, திரவ நைட்ரஜனில் நேராக அமிழ்த்தி, பனிப்படிகம் உண்டாகாமல் கண்ணாடி போல உறையவைக்கும் கண்ணாடியாக்க முறைதான் எங்களுடையது. சீரத்தில் வளர்ந்த 20 பிளாஸ்டோசிஸ்ட்களும் சீரம் இல்லாமல் வளர்ந்த 20ம். உருக்கியதும் எல்லாமே காற்றுப் போன பந்துபோலச் சுருங்கித்தான் கிடக்கும், அப்போது எதுவும் சொல்ல முடியாது. 24 மணி நேரம் கழித்துப் பார்த்தேன். சீரத்தில் வளர்ந்தவற்றில் 7 மீண்டும் உப்பியிருந்தன. சீரம் இல்லாதவற்றில் 15. அவற்றில் ஒன்று உறையைப் பிளந்து பாதி வெளியே வந்திருந்தது, 8 என்ற எண்ணைப் போல நடுவில் இடுங்கி. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்துவிட்டு, "இது பொழைச்சுக்கும்மா" என்றார்.

கணக்குப் போட்டால் தெரியும்: 100 முட்டைக்கு முன்பு 26 வந்தாலும் உறைந்து மீள்வது 9. இப்போது 24 வந்து 18 மீள்கிறது. கூட்டத்தில் இந்த இரண்டு எண்ணை மட்டும் கரும்பலகையில் எழுதினேன். சீரம் வாங்குவதை அன்றே நிறுத்திவிட்டார்கள்.

இப்போது குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தில் கை வைத்திருக்கிறேன். கருவுக்கு அது தேவை, ஆனால் 38.5 டிகிரியில் அது தானாகவே சிதைந்து அம்மோனியா விடுகிறது. மூடிய துளியில் ஏழு நாள் அம்மோனியா சேர்வது நல்லதில்லை. சிதையாத அலனைல்-குளூட்டமின் வடிவத்தை ஒரு டப்பாவிலும், பழையதை இன்னொன்றிலும் வைத்திருக்கிறேன். லேத் பட்டறைக்காரர் இரண்டாவது எவர்சில்வர் டப்பாவையும் கடைந்து கொடுத்துவிட்டார். இன்று நான்காம் நாள். இரண்டையும் இன்னும் திறக்கவில்லை.